விடுபட்ட இரண்டு பதிவுகள்

கரும்பாறை எஸ்டேட், கீழ் லைன்,
குன்னூர் வழி.
6.3.2000

திரு. சிவகுரு அவர்களுக்கு,

வணக்கம். பொன்ராஜ் எழுதுகிறேன். ஊட்டியில் முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் உங்கள் முகவரி கிடைத்தது. இருபத்தெட்டு வருடம் கழித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தேயிலை விலை விழுந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் எஸ்டேட் ஃபாக்டரியைத் தீபாவளி கழிந்ததும் பூட்டினார்கள். மானேஜர் போனார். அடுத்த வாரம் எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டரும் கம்பவுண்டரும் போனார்கள். நூற்று நாற்பது குடும்பம் லைன் வீடுகளில் அப்படியே கிடக்கிறோம். யாருக்கு என்ன வந்தாலும் குன்னூருக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அவசரத்துக்கு ஜீப் ஒன்றுதான். அதுவும் மழையில் வராது.

குன்னூர் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஜெஸிந்தா சிஸ்டர் வந்து பார்த்தார். மருந்து தருகிறோம், வாரம் ஒரு நாள் டாக்டர் வருவார், மற்ற நாளில் கட்டுப் போடவும் காய்ச்சல் பார்க்கவும் பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் இங்கேயே வேண்டும் என்றார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். ஒரு பையனின் முழங்கால் காயத்தை நான் கழுவிக் கட்டுவதைப் பார்த்துவிட்டு சிஸ்டர் சொன்னார்: "பழகின கைன்னு பாத்தாலே தெரியுதுங்க. ஆனா எங்க கமிட்டிக்குக் காயிதம் வேணுமில்லீங்களா?"

காகிதம்தான் என்னிடம் இல்லை. 1972இல் இராணுவ மருத்துவமனையில் ஆறு மாதம் நான் பயிற்சி முடித்தது உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய டிசம்பரில், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது பதினொரு பேருக்குக் கட்டுப் போட்டதற்காக பிரிகேடியர் பாராட்டுச் சான்று கொடுத்ததும் தெரியும். என் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இரண்டுமே இல்லை. அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. இப்போது திருத்தக் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். கூடப் பணியாற்றிய ஒருவர் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும் என்கிறார்கள். கேப்டன் காலமாகிவிட்டார். கம்பெனி கிளார்க்காக இருந்தவர் நீங்கள்.

நமக்குள் இருப்பதை வைத்து நான் கேட்கவில்லை. முடியாது என்றால் ஒரு கார்டு போடுங்கள், போதும்.

இப்படிக்கு,
பொன்ராஜ்


பொள்ளாச்சி,
19.3.2000

அன்புள்ள பொன்ராஜ் அவர்களுக்கு,

தங்கள் 6ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

மேற்படி பயிற்சியும் பாராட்டுச் சான்றும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஒரு சிப்பாய்க்கு எது நடந்தாலும், அது திருமணமானாலும் பதக்கமானாலும், கம்பெனி கிளார்க் அதை 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவில் எழுதி மேலே அனுப்ப வேண்டும். அதில் ஏறினால்தான் அது நடந்ததாக அர்த்தம். நாம் முகாம் மாறிக்கொண்டேயிருந்த அந்த ஆண்டில் காகிதங்கள் பல தவறிப்போயின. தங்களுடையவையும் அவ்வாறு தவறியிருக்கக்கூடும். அவ்வாறே வாக்குமூலம் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்திட்டு இத்துடன் இணைத்துள்ளேன்.

ஒன்று கேட்கலாமா? இத்தனை வருடங்களில் தாங்கள் ஏன் ஒருமுறைகூட என்னிடம் விசாரிக்கவில்லை?

தங்கை அங்கம்மா உடுமலையில் நலமாக இருக்கிறாள். தாங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

தங்கள்,
சிவகுரு


கரும்பாறை,
2.4.2000

அன்புள்ள மச்சான்,

இப்படி அழைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் வாக்குமூலத்தைப் படித்ததும் வாயில் அதுதான் வந்தது. கருப்பம்மாவை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அவள் அழுதுவிட்டாள். "அந்த மனுசரு நல்லவரு. நாமதான் அவுங்க ஊட்டுக்குப் பாவம் செஞ்சுட்டோம்" என்றாள்.

ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அங்கம்மாவுக்கும் எனக்கும் பேசி முடித்து, உங்கள் அப்பா கையால் நான் வேட்டி வாங்கிக்கொண்ட பிறகு, 72 ஜூலையில் லீவில் வந்தேன். அந்த மாதம் சிலோனிலிருந்து வந்திறங்கிய குடும்பங்களை எங்கள் லைனில் குடியேற்றியிருந்தார்கள். கருப்பம்மாவை அங்கேதான் பார்த்தேன். பதினெட்டு நாளில் கல்யாணம் செய்துகொண்டேன். உங்கள் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. சொல்லத் தைரியம் இல்லை. எல்லையில் குண்டுக்குப் பயப்படாதவன் அங்கம்மா முகத்துக்குப் பயந்தேன்.

79இல் டிஸ்சார்ஜ் ஆகி, புத்தகத்தைப் பிரித்து அந்த வெறும் பக்கத்தைப் பார்த்தபோது, அங்கம்மாவுக்குச் செய்ததற்கு இது கிடைத்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். அப்புறம் உங்களிடம் வந்து எந்த முகத்தோடு கேட்பது? அடுத்த வருடம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலைக்குப் போனேன். காகிதம் எங்கே என்றார்கள். ஃபாக்டரியில் பாய்லருக்கு விறகு போடும் வேலை கொடுத்தார்கள். இருபது வருடம் அதைத்தான் செய்தேன். கிடைக்க வேண்டியதுதான் என்று செய்தேன்.

அவ்வளவும் மனதில் வைத்துக்கொள்ளாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அங்கம்மாவிடம் ஒருநாள் என் சார்பாகச் சொல்லுங்கள். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரியும்.

ஃபாக்டரி இல்லாததால் கருப்பம்மா கொழுந்தைக் கையால் கசக்கி, சட்டியில் வறுத்துத் தூள் செய்கிறாள். ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
பொன்ராஜ்


பொள்ளாச்சி,
12.4.2000

அன்புள்ள பொன்ராஜ்,

பொட்டலம் வந்து சேர்ந்தது. இனி எதுவும் அனுப்ப வேண்டாம். தயவுசெய்து நன்றியும் சொல்ல வேண்டாம். உடம்பு சரியில்லை. பிறகு விவரமாக எழுதுகிறேன்.

சிவகுரு


கரும்பாறை,
21.6.2000

அன்புள்ள மச்சான்,

உடம்பு எப்படி இருக்கிறது? இரண்டு மாதமாகக் கடிதம் இல்லாததால் கவலையாக இருக்கிறது.

மனு திரும்பி வந்துவிட்டது. ஒருவரின் ஞாபகத்தை மட்டும் வைத்துப் பதிவைத் திருத்த முடியாது, மூலச் சான்றோ உத்தரவு எண்ணோ வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை.

ஜெஸிந்தா சிஸ்டர் ஆகஸ்ட் முடியும்வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் கமிட்டி சம்மதிக்காது. மருந்து வேறு எஸ்டேட்டுக்குப் போய்விடும். எங்களுடையதைப்போலப் பூட்டிக் கிடப்பவை இந்த மலையில் எத்தனையோ இருக்கின்றனவே.

நேற்று மேல் லைனில் ஒரு பெண்ணுக்குப் பிரசவமாகி ரத்தம் நிற்கவில்லை. ஜீப் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. பிழைத்துக்கொண்டாள். நான் அவ்வளவு நேரமும் வாசலில் நடந்துகொண்டிருந்தேன். உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. ஏன் என்று இன்னொரு நாள் சொல்கிறேன்.

நீங்கள் கிளார்க். எந்தக் காகிதத்துக்கும் நகல் ஒன்று எங்காவது இருக்கும் என்று அப்போதே சொல்வீர்கள். இதற்கும் எங்கேயாவது நகல் இருக்குமா? எந்த ஆபீஸில் கேட்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். எங்கே என்றாலும் போகிறேன்.

பொன்ராஜ்


பொள்ளாச்சி,
29.6.2000

பொன்ராஜ்,

நீ எந்த ஆபீஸுக்கும் போக வேண்டாம். மூலச் சான்று இரண்டும் என்னிடம் இருக்கின்றன. என் தகரப் பெட்டியில், அடியில் விரித்த தாளுக்குக் கீழே, 1972 ஆகஸ்ட் 23ஆம் தேதியிலிருந்து இருக்கின்றன.

அன்றைக்கு ஒரே தபாலில் மூன்று உறைகள் வந்தன. ஒன்றில் உன் பயிற்சிச் சான்றிதழ். ஒன்றில் பிரிகேடியரின் பாராட்டுச் சான்று. மூன்றாவது எங்கள் அப்பாவின் கடிதம். நீ வேறு பெண்ணைக் கட்டிக்கொண்ட செய்தி. அங்கம்மா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தார். நான் உத்தரவு எழுதத் தாளை டைப்ரைட்டரில் மாட்டி, உன் நம்பரும் பெயரும் அடித்திருந்தேன். தாளை உருவிக் கிழித்தேன். சான்றுகளைப் பெட்டிக்குள் போட்டேன்.

ஒரு வாரம் உன்னைத் தவிக்கவிட்டு அனுப்பலாம் என்றுதான் போட்டேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். அடுத்த வாரம் நீ கூடாரத்துக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "என்ற காயிதம் வந்துச்சுங்களா?" என்று கேட்டாய். "அப்பவே அனுப்பியாச்சு" என்று சொன்னேன். சொன்ன பிறகு அனுப்ப முடியவில்லை. அனுப்பினால் தேதி காட்டிக்கொடுக்கும். மாதம் போனது. எனக்கு மாற்றல் வந்தது. உன்னை மருத்துவப் பகுதிக்கு அனுப்பாமல் மறுபடியும் துப்பாக்கிக் கம்பெனியிலேயே போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அது ஏன் என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

ஏழு ஊர் மாறினேன். ஒவ்வொரு முறையும் பெட்டியைக் காலி செய்து, தாளை மாற்றி, அவற்றை மறுபடியும் அடியில் வைத்தேன். எரிக்கவில்லை. எரிக்காமல் இருந்ததை என்னிடம் மிச்சமிருந்த நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் உன் கடிதம் வந்தபோதே கொடுத்திருக்கலாம். 'தவறியிருக்கக்கூடும்' என்று எழுதி நோட்டரி முன்னால் சத்தியம் செய்தேன். அதற்கு நீ நன்றி சொன்னாய். உனக்கு நேர்ந்ததை அங்கம்மாவின் சாபம் என்று நீ சுமந்திருக்கிறாய். அது சாபம் இல்லை, பொன்ராஜ். நான் செய்தது.

நகல்கள் இத்துடன் இருக்கின்றன. அசலை நானே எடுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கிறேன்.

சிவகுரு


கரும்பாறை,
14.7.2000

சிவகுருவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கருப்பம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. உன்னை நல்லவர் என்று சொன்ன வாய், பாவம்.

பாய்லர் வேலையைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அது எப்படியோ கழிந்தது. வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆர்மியில் கற்றவன் என்று லைனில் அடிபட்டவர்கள் என் வீட்டுக்கு வருவார்கள். நானும் கட்டிவிடுவேன். எஸ்டேட் டாக்டர் கூப்பிட்டு எச்சரித்தார். 84இல் மானேஜர் கையெழுத்தோடு ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். தகுதிச் சான்று இல்லாமல் இனி யாரையாவது தொட்டால் வேலையும் வீடும் போகும். அப்போது எனக்கு மூன்று குழந்தைகள்.

நோட்டீஸ் வந்து நாலாவது நாள், வேலாமணியின் கை இலை உருட்டும் மெஷினில் மாட்டிக்கொண்டது. முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. வெளியே தூக்கி வந்து என் காலடியில்தான் கிடத்தினார்கள், நான் கட்டுவேன் என்று. அவனும் என்னையே பார்த்தான். மேல் கையை இறுக்கிக் கட்ட ஒரு துணி போதும், சிவகுரு. ஆறு மாதம் கற்றதில் முதல் வாரம் கற்றது அது. என் தோளில் துண்டு இருந்தது. எதிரே டாக்டரின் ஆள் நின்றுகொண்டிருந்தான். நான் கட்டவில்லை. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றேன். டாக்டர் குன்னூர் போயிருந்தார். லாரி வர இருபது நிமிடம் ஆனது. மூன்றாவது வளைவில் வேலாமணி போய்விட்டான். அவன் மனைவி பொன்னாயிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. இன்றும் எங்கள் லைனில்தான் இருக்கிறாள். பதினாறு வருடமாக நான் அவள் வீட்டைத் தாண்டாமல் சுற்றிப் போகிறேன்.

உன் பெட்டியில் இருந்த காகிதம் என் கையில் இருந்திருந்தால் அந்த நோட்டீஸ் வந்திருக்காது. அது உன் பங்கு. காகிதம் இல்லாமலும் நான் துண்டை எடுத்துக் கட்டியிருக்கலாம். அது என் பங்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்க நினைக்கிறேன். முடியவில்லை.

அசலைக் கொண்டுபோய்ச் சேர். எனக்குக் கடிதம் எழுதாதே.

பொன்ராஜ்


பொள்ளாச்சி,
5.8.2000

பொன்ராஜ்,

எழுதாதே என்றாய். வேலை முடிந்ததா என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

புதிய வாக்குமூலம் தயார் செய்யப் போனபோது நோட்டரி படித்துவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார். "ஏனுங்க சுபேதார், பழைய பெட்டிய ஒதுக்கறப்பக் கெடச்சதுன்னு எழுதுனாப் போதுமுங்களே. இத்தன வயசுக்கு மேல உங்க தலையில நீங்களே எதுக்கு மண்ண அள்ளிப் போட்டுக்கறீங்க?" என்றார். ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், வந்தது. வேலாமணி பெயரை உன் கடிதத்தில் மறுபடி படித்தேன். 'வேண்டுமென்றே மறைத்தேன்' என்றே அடிக்கச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை மலையேறி வந்து வெலிங்டன் இராணுவப் பதிவு அலுவலகத்தில் அசலைக் கொடுத்தேன். வாங்கிய அதிகாரிக்கு என் மகன் வயது இருக்கும். முழுவதும் படித்தார். திட்டவில்லை. "உட்காருங்கள்" என்று சொல்லவும் இல்லை. முப்பது வருடம் சுத்தமான சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டவன், அந்த மேஜைக்கு முன்னால் நாற்பது நிமிடம் நின்றேன். ரசீது எழுதிக் கொடுத்தார். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜெஸிந்தா சிஸ்டரிடம் காட்டு.

வெளியே வந்தால் உங்கள் எஸ்டேட்டுக்குப் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. போர்டைப் படித்தேன். படியில் கால் வைத்தேன். ஏறவில்லை.

திரும்பியதும் உடுமலைக்குப் போய் அங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் சார்பாக நீ சொல்லச் சொன்னதையும் சொன்னேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "அவரு விட்டுட்டுப் போனது எனக்கு ரெண்டு வருசத்து வேதனைங்ணா. அப்பறம் கல்யாணமாச்சு, கொழந்தைங்களாச்சு, மறந்துபோச்சு" என்றாள். நான், "உனக்காகத்தான் அம்மிணி அப்பிடிச் செஞ்சுட்டேன்" என்றேன். வாளியைக் கீழே வைத்தாள். "எனக்காகன்னு சொல்லாதீங்க. என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா? உங்க ரோசத்துக்குச் செஞ்சீங்க. அந்தப் பழியில என்ற பேரச் சேக்காதீங்க."

காபி கொடுத்தாள். குடிக்க முடியவில்லை.

சிவகுரு


கரும்பாறை,
17.11.2000

சிவகுருவுக்கு,

திருத்தம் வந்துவிட்டது. பயிற்சியும் பாராட்டும் இரண்டு வரியாக, சிவப்பு முத்திரையோடு ஏறியிருக்கின்றன. ரசீதைப் பார்த்து ஜெஸிந்தா சிஸ்டர் கமிட்டியிடம் பேசி, செப்டம்பர் கடைசிவரை அவகாசம் வாங்கினார். 26ஆம் தேதி காகிதம் வந்தது. அக்டோபர் இரண்டில் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தோம். தினம் முப்பது பேருக்குக் குறையாமல் வருகிறார்கள்.

இதைச் சொல்ல மட்டும் நான் எழுதவில்லை.

போன வாரம் பொன்னாயி வந்தாள். கவாத்துக் கத்தி பட்டு உள்ளங்கை கிழிந்திருந்தது. பெஞ்சில் எல்லாருக்கும் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்தபோது வேறு யாரும் இல்லை. காயத்தைக் கழுவத் தொடங்கினேன். நிறுத்திவிட்டுச் சொன்னேன். நோட்டீஸ், துண்டு, டாக்டரின் ஆள், எல்லாவற்றையும். "நான் கட்டியிருந்தா வேலாமணி பொழச்சிருப்பான்" என்றேன்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"தெரியும்ணே" என்றாள். "அன்னிக்கி அங்க நின்ன அத்தன பேரும் எங்கிட்ட வந்து சொன்னாங்க. நீங்க மட்டுந்தான் வரல. இன்னிக்கி வருவீங்க, நாளைக்கி வருவீங்கன்னு பாத்தேன். எங்க ஊட்டப் பாத்தாலே சுத்திப் போயிட்டீங்க."

அவ்வளவுதான் பேசினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தையல் போட்டேன். மறுநாள் கட்டு மாற்ற வந்தாள். தினமும் வருகிறாள். நேற்று, மழை விடுமாண்ணே என்று கேட்டாள்.

கருப்பம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுநாள், "அந்த மனுசர வரச் சொல்லுங்க. இப்பிடிக் காயிதத்திலேயே பேசிக்கிட்டிருந்தா சரிவராது, வெளங்குதா?" என்றாள்.

பொன்னாயியிடம் என் பங்கை மட்டும்தான் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற இல்லை. அதை நான் சொல்லக் கூடாது.

கீழ் லைனில் குழாயடியிலிருந்து மூன்றாவது வீடு அவளுடையது.

பொன்ராஜ்


பொள்ளாச்சி,
23.11.2000

பொன்ராஜ்,

வருகிற வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். கிளார்க் புத்தி, எழுதினால் எல்லாம் சுற்றி வளைத்துப் போகிறது. ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் வருகிறேன்.

முதலில் குழாயடியிலிருந்து மூன்றாவது வீட்டுக்குப் போகிறேன். அவள் உள்ளே விட்டாலும் விடாவிட்டாலும் வாசலில் நின்றாவது சொல்லிவிடுகிறேன். அங்கே முடிந்த பிறகு உன் வீட்டுக்கு வரலாமா என்று கேட்க நினைத்தேன். பதில் வருவதற்குள் கிளம்பிவிடுவேன். அதனால் கேட்கவில்லை. வருகிறேன்.

சிவகுரு